ஏரிக்குள் தட்டைப்பயறு போட்ட அம்மாளும் உலக வங்கியும்



போன வாரம் நம் குழுவில் 1989 பேட்ச் தம்பி ஒருவர் ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். பெங்களூரில் நல்ல பொறுப்பில் இருப்பவர். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தருகிறேன் என்று ஆயிரம் நிபந்தனை போடுகின்றன, சமூகப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று ஃபைல் சுற்றியே திட்டம் பாதி செத்துப்போகிறது, சொந்தக் காசில் செய்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது சாரம். நாற்பது பேர் கைதட்டியிருந்தீர்கள். அதில் என் அக்கா மகனும் உண்டு.

"யாரையும் கேட்க வேண்டியதில்லை" என்ற அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளம். கடைசி பெஞ்சும் கவனிக்கவும்.

எங்கள் ஊர் ஏரி தை மாதம் வற்றத் தொடங்கும். தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, ஈரம் காயாத வண்டலில் ஒரு அம்மாள் தட்டைப்பயறும் சோளமும் போடுவார். உரம் கிடையாது, பாசனம் கிடையாது. பயறு வீட்டுக்கு, தட்டு இரண்டு ஆட்டுக்கு. அரை ஏக்கர்கூட இருக்காது. ஏரிப் புறம்போக்கு, பட்டா இல்லை. ஒரு வருஷம் பங்குனியில் தூர்வார ஜேசிபி வந்தது. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிமேல் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். இருபது நாள் பொறுத்திருந்தால் காய் வீடு வந்திருக்கும். "எப்போது அறுப்பீர்கள்?" என்று ஒரு ஆள் கேட்கவில்லை. தம்பி, அது சொந்தக் காசில் நடந்த வேலை.

ஏரியை ஆக்கிரமிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்குள் தென்னந்தோப்பு வைத்து வேலி போட்டவனால் கடைமடைக்காரன் வயல் காய்கிறது. அவனை எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அவனுக்கும் இந்த அம்மாளுக்கும் நம் சட்டத்தில் ஒரே பெயர்தான்: ஆக்கிரமிப்பாளர். 1905ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. புறம்போக்கில் விளைந்த பயிரைப் பறிமுதல் செய்யலாம் என்கிறது அதன் 6ஆம் பிரிவு.

நீங்கள் திட்டுகிற உலக வங்கி விதி என்ன சொல்கிறது? பட்டா இல்லாதவருக்கு நிலத்துக்கு விலை இல்லை. ஆனால் கணக்கெடுப்பு நாளில் அவர் அங்கே இருந்தால் பயிருக்கும் மரத்துக்கும் குடிசைக்கும் ஈடு உண்டு, பிழைப்பு பழைய நிலைக்கு வர உதவியும் உண்டு. ஒரே தட்டைப்பயறு. நம் சட்டம் பறிமுதல் என்கிறது, கடன்காரன் ஈடு கொடு என்கிறான். இதில் எது நமக்கு அவமானம்?

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. 2017 டிசம்பரில் தமிழ்நாட்டுப் பாசன வேளாண்மை நவீனமயத் திட்டத்துக்கு 31.8 கோடி டாலர் உலக வங்கிக் கடன் ஒப்பந்தமானது. சுமார் 4,800 ஏரிகளையும் 477 தடுப்பணைகளையும் சீர்செய்வது திட்டம். அத்தனை ஏரியிலும் இப்படி ஒரு அம்மாள் இருப்பார்.

இதற்காக வங்கிக்கு மாலை போடச் சொல்லவில்லை. அவர்கள் படிவத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது. அது ரூபாயை எண்ணும், அடுப்பை எண்ணாது. நெல்லை விட்டு, தண்ணீர் குறைவாகக் கேட்டு விலை அதிகம் தரும் பயிருக்கு விவசாயியை நகர்த்துவதும் மேலே சொன்ன திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. காகிதத்தில் நல்ல யோசனை. ஆனால் இதை நாம் ஏற்கெனவே பார்த்தவர்கள். ராசிபுரம், ஆத்தூர் பக்கம் கம்பும் சோளமும் நின்ற காட்டில் ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு வந்தது, கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வந்தது. காட்டுக்காரருக்குக் கையில் காசு வந்தது, விலை விழுந்த வருஷம் அதுவும் இல்லை. களை எடுக்கப் போனவர்கள் முன்பெல்லாம் கூலியாகப் படிக்கணக்கில் கம்பு வாங்கி வந்தார்கள். கிழங்கையும் தீவனத்தையும் யார் கூலியாக வாங்கி வருவது? அந்தக் குடும்பம் இழந்ததை எந்தப் பாதுகாப்பு விதியும் இழப்பு என்று எழுதாது. நிலம் எதுவும் எடுக்கப்படவில்லையே!

சரி, வங்கியே வேண்டாம், நம் சட்டம் போதும் என்கிறீர்களா? 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு உணவுப் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. பல போகம் விளையும் பாசன நிலத்தைத் தவிர்க்க முடியாத நிலையில் தவிர எடுக்கக் கூடாது, எடுத்தால் அதே அளவு தரிசைத் திருத்திக் கொடு என்கிறது. படித்து மகிழ்ந்து அதே பிரிவின் கடைசிக்கு வாருங்கள். ரயில் பாதை, நெடுஞ்சாலை, கால்வாய், மின்பாதை போன்றவற்றுக்கு இது பொருந்தாது!

2018இல் அது என்ன பாடு படுத்தியது என்று பூலாவரிக்காரர்களைக் கேளுங்கள். சேலம் சென்னை எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். போலீஸ் காவலோடு வயலுக்குள் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பு செல்லும் என்றது. நடுவில் கிணற்றை ஆழப்படுத்தலாமா, தென்னங்கன்று வைக்கலாமா என்று தெரியாமல் கிடந்தவர்களில் உங்கள் வகுப்புத் தோழர்களும் உண்டு.

சர்தார் சரோவர் அணைக்கு வந்தால் இன்னும் தெளிவாகும். உலக வங்கியே அமைத்த மோர்ஸ் குழு, குடிபெயர்க்கப்படுபவர்களுக்கு வழி சரியில்லை என்று 1992இல் அறிக்கை கொடுத்தது. 1993 மார்ச்சில் இந்தியா மீதிக் கடனே வேண்டாம் என்றது, சொந்தக் காசில் அணையைக் கட்டியது. கடன் போனது, கேள்வி கேட்க வந்த ஆளும் போனான். அந்த அவமானத்துக்குப் பிறகு அதே ஆண்டு வங்கி ஓர் ஆய்வுக் குழுவை வைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே அதில் புகார் கொடுக்கலாம், தமிழிலேயே எழுதலாம். நம் ஏரிப் பாசன சங்கத் தலைவர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

உங்களில் வருவாய்த்துறையில் இருப்பவர்கள் உண்டு. கணக்கெடுப்புப் படிவம் தயாரிக்கும் கன்சல்டன்சியில் இருவர் இருப்பதும் எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தில், யார் காசில் நடக்கும் வேலையானாலும், இரண்டு கேள்வி சேருங்கள். இந்த நிலத்திலிருந்து உங்கள் வீட்டு அடுப்புக்கு வருஷத்தில் எத்தனை மாதச் சாப்பாடு வருகிறது? இங்கே கூலிக்கு வருபவர் யார் யார்? வீட்டுக்காரரை மட்டும் கேட்காதீர்கள், உலை வைப்பவரைக் கேளுங்கள்.

பெங்களூர் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு வருவாய் அல்லவா, ஒரு நாள் கூடத் தங்கு. ஏரிக்கரை வரை நடந்து போய்வரலாம். அந்த அம்மாள் இப்போது இல்லை, மருமகள் போடுகிறாள். அந்த நேரத்துக்கு விதை ஊன்றத் தொடங்கியிருப்பாள்.