மலை ஏறும் பாரவண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

மேட்டுப்பாளையத்தில் உரமும் விதைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு நீலகிரிக்குச் செல்லும் சிறு பாரவண்டிகள் நம் அங்கத்தினர் சிலரிடம் உள்ளன. அவற்றுள் பெட்ரோலில் ஓடுபவை குறித்து நேர்மாறான இரண்டு யோசனைகள் வழங்கி வருகின்றன. மலைக்கு ஆக்டேன் மிகுந்த, விலை உயர்ந்த பெட்ரோலே வேண்டும் என்பது ஒன்று. மலையில் ஆக்டேன் குறைந்ததே போதும் என்பது மற்றொன்று. பாரம் ஏற்றுவோர்க்கு இரண்டும் நஷ்டமே என்பது என் கருத்து. நெசவாள அன்பர்கள் இப்பக்கத்தைப் பொறுத்துக்கொள்வார்களாக.

ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைக் குறிப்பதன்று. அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் தாங்கி, தானே வெடித்துவிடாமல் நிற்கும் திறனையே அது குறிக்கிறது. அத்திறன் போதாதபோது இஞ்சின் தட்டத் தொடங்கும். தட்டவிட்டே ஓட்டினால் பிஸ்டன் பழுதாகும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். இஞ்சினுள் புகும் காற்று குறைவதால் தட்டுதல் குறையும். கூடவே சக்தியில் ஐந்தில் ஒரு பங்கும் போய்விடும். இல்லாத காற்றை எந்த உயர்ந்த பெட்ரோலும் கொண்டுவந்து கொடுக்காது.

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் 85 ஆக்டேன் விற்பதை இரண்டாம் கட்சியார் எடுத்துக்காட்டுவர். அந்த அளவுகோலே வேறு. அங்கே 87 என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 91. அவ்வழக்கமும் கார்புரேட்டர் காலத்தில் வேரூன்றியது. இன்று அந்நாட்டு வாகனக் கம்பெனிகள் பலவும் 87க்குக் குறைந்ததை ஊற்ற வேண்டாம் என்றே எழுதுகின்றன.

இவ்விரு கட்சியாரும் மறந்தது அடிவாரத்தை. நம் வண்டி உதகையில் புறப்படுவதில்லை. கல்லாறு தாண்டியதும் ஏற்றம்; காற்று அடர்த்தி, வெயில் கடுமை, பாரம் முழுமை, ஆக்ஸிலரேட்டர் அடிவரை. தட்டுவதானால் அங்கேதான் தட்டும். எனவே வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் எண்ணையே ஊற்றுக. அதற்குக் கீழே இறங்கவேண்டாம், மேலே செலவிடவும் வேண்டாம். டர்போ பொருத்திய வண்டியில் இது மேலும் கண்டிப்பு. அது காற்றை அழுத்தித் திணிப்பதால் உயரத்தின் சலுகை அதற்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

இஞ்சினைத் திருத்துவதும் அப்படியே. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. ஆகையால் உயரத்தில் கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். சிறிய ஜெட் போட்டு, டைமிங்கைச் சற்று முன்னுக்குத் தள்ளுவது மலையிலேயே ஓடும் வண்டிக்குப் பொருந்தும். வாரம் இருமுறை சமவெளிக்கு இறங்கிப் பாரத்தோடு ஏறும் வண்டிக்கு அதே திருத்தம் பிஸ்டனுக்கு எமனாகும். புதிய வண்டிகளிலோ கணினியே காற்றை அளந்து பெட்ரோலைத் தருகிறது. அதில் கைவைப்பதாகச் சொல்லிக் கூலி கேட்பவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

பர்லியாறு ஏற்றத்தில் தட்டும் ஓசை கேட்டால் உடனே கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது விடுக. அப்படியும் கேட்டால் அடுத்த நடையில் நான்கு மூட்டை குறைத்து ஏற்றுக.