விமான இருக்கை: கேட்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் உறவினர் குழுவில் நடந்த விவாதத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். என் தங்கை மகள் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும்போது, பணம் கட்டி வாங்கிய ஜன்னல் இருக்கையை எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுக்க மறுத்துவிட்டாள். பையனின் அம்மா அவன் பக்கத்திலேயேதான் இருந்தார். அவனுக்கு வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "குழந்தைக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனசா?" என்று குழுவில் பாதிப் பேர் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அவள் தவறு செய்யவில்லை என்பது என் கருத்து.

வாலாஜாபாத் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் நாம். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினால் எழுந்து இடம் கொடுப்போம். அந்தப் பழக்கத்தை விடக்கூடாது. ஆனால் பஸ்ஸில் எல்லா இடத்துக்கும் ஒரே கட்டணம். நிற்பவர் தவிப்பார், அதனால் எழுந்திருக்கிறோம். விமானத்தில் யாரும் நிற்பதில்லை. விருப்பமான இடம் வேண்டுமென்றால் பல நேரங்களில் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

ஆகவே எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ஒரு வரிசையிலும் தாய் வேறு வரிசையிலும் இருந்தால், முடிந்தவர்கள் மாறிக்கொடுக்கத்தான் வேண்டும். அவசரத்தில் ஆக்சிஜன் மாஸ்க் தொங்கினால் அந்தக் குழந்தைக்கு யார் மாட்டிவிடுவது? வேடிக்கை பார்க்கவோ, குடும்பமாக உட்கார்ந்து பேசவோ கேட்டால் அது விருப்பம் மட்டுமே. கொடுத்தால் நன்றி சொல்லலாம். கொடுக்காவிட்டால் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 12 வயது வரை உள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆரில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் அருகில் இடம் ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நம் நாட்டு விமான நிறுவனங்களுக்கு டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டது. எனவே குழந்தையைப் பிரித்துப் போட்டிருந்தால் முதலில் கவுன்ட்டரில் கேளுங்கள். இருக்கைக்குக் கட்டணம் வாங்குவது நிறுவனம். சண்டை மட்டும் பயணிகளுக்குள் ஏன்?

கேட்பதற்கும் முறை உண்டு. அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள். ஜன்னலுக்கு ஜன்னல், நடைபாதை ஓரத்துக்கு நடைபாதை ஓரம் என்று சமமான இடத்தைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசி வரிசை நடு இருக்கையைக் கொடுத்து முன்வரிசை ஜன்னலைக் கேட்பது நியாயமில்லை. குழந்தையை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள். மாறுவதற்கு முன் பணிப்பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவசர வழி அருகே குழந்தைகளை உட்காரவைக்க அனுமதி கிடையாது.

"முடியாது" என்று பதில் வந்தால் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். 2024 டிசம்பரில் பிரேசிலில் ஒரு பெண் தன் ஜன்னல் இருக்கையைக் குழந்தைக்குத் தர மறுத்தார். அதை யாரோ செல்போனில் படம் எடுத்துப் பரப்ப, உலகமே அவரைப் பற்றிப் பேசியது. மறுத்தவரைப் படம் பிடிப்பதைவிட அநாகரிகம் வேறில்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்பா அம்மாவை முதல்முறை அழைக்கும்போது, இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடத்தை நீங்களே பணம் கட்டி எடுத்துக் கொடுங்கள். யாராவது மாறச் சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். ஆங்கிலத்தில் மறுக்கத் தெரியாது, தமிழில் மறுக்க மனசு வராது. முழங்கால் வலியோடு இரவு முழுக்க நடு இருக்கையில் உட்கார்ந்து வந்துவிட்டு, உங்களிடம் அதைச் சொல்லவும் மாட்டார்கள். "நோ, சாரி" என்ற இரண்டு சொல்லையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் அது கொடுப்பவர் மனதிலிருந்து வர வேண்டும். பத்துப் பேர் முறைத்துப் பார்த்து வாங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. நம் பெண்ணைத் திட்டியவர்கள் அவளுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.

வாழ்க வளமுடன்.
உங்கள் ஆசிரியர், திருமுக்கூடல்