கழற்றட்டும், விடுங்கள்!

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டு வாசலில் புளியமரம். மரத்தடியில் ஒரு பழைய அம்பாசிடர் கார்.

அந்தக் கார் ஓடி 2 ஆண்டுகள் ஆகின்றன. மலை ஏறும்போது ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்தது. ஓட்டியவர் நிறுத்தவில்லை. "இன்னும் நாலு வளைவுதானே!" என்று ஏறினார். என்ஜின் நின்றது. அன்று நின்றதுதான்.

இப்போது அந்த வீட்டுப் பிள்ளை, 20 வயது வாலிபர், "என்ஜினை நானே இறக்கிப் பிரித்துச் சரி செய்கிறேன்" என்கிறார். அவர் மெக்கானிக் அல்ல. ஸ்பானர் பிடித்தது எல்லாம் சைக்கிளில்தான்.

தாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஒன்றைத் திருத்தப் போய் ஒன்பதைக் கெடுப்பான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள், ஐயா!" என்று என்னிடம் முறையிட்டார்.

புத்தி சொன்னேன். பிள்ளைக்கு அல்ல, தாய்க்கு!

"கழற்றட்டும், விடுங்கள் அம்மா" என்றேன்.

கெட்டதை யார் கெடுப்பது?

அந்த என்ஜின் ஏற்கெனவே கெட்டது. அப்படியே விட்டால் என்ன ஆகும்? ஒருநாள் பழைய இரும்புக் கடைக்காரர் வருவார். எடை போட்டு வாங்கிக்கொண்டு போவார். போளூரிலிருந்து மெக்கானிக்கை மலைக்கு அழைத்தால் கூலியோடு வண்டிச் சத்தமும் கொடுக்க வேண்டும். காரைக் கீழே இழுத்துப் போனால் அதற்கு ஒரு வாடகை. காரின் விலையைவிடச் செலவு பெரிதாகிவிடும்.

வாடகைக்கு ஓடி, குடும்பத்துக்குச் சோறு போடுகிற காராக இருந்தால் நானும் தாயின் கட்சிதான். கற்றுக்குட்டி அதில் கை வைக்கக்கூடாது. இதுவோ கோழி அடைந்து கிடக்கும் கார்!

(பிள்ளை என்று எழுதுகிறேன். பெண் பிள்ளை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.)

பிரித்துப் பார்த்த வாலிபர்

1893-ம் ஆண்டு கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை; சீக்கிரமே நிறுத்திவிட்டார். ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறது! அவருக்குத் தூக்கம் போயிற்று. கோவைக்குச் சென்று ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றினாரா? இல்லை. பிரித்துப் போட்டார்! திரும்பப் பூட்டினார். கற்றுக்கொடுக்க ஆசிரியர் யாரும் இல்லை. வண்டியே ஆசிரியர். அதே வாலிபர்தான் 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் கோவையின் தொழில் மேதை என்று பெயர் பெற்றார்.

எல்லாரும் ஜி.டி.நாயுடு ஆகிவிட முடியுமா? முடியாது. ஆகவும் வேண்டாம். ஒரு கார் ஓடினால் போதும்!

கோவை வரை போவானேன்? இதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1968-ல் அங்கே முதலில் வானத்தைப் பார்த்த தொலைநோக்கி, வெளிநாட்டில் வாங்கியது அல்ல. கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் கொல்லைப்புறத்தில் நம்மவர்கள் செய்தது. கண்ணாடியின் அகலம் 38 சென்டிமீட்டர். அதைச் செய்யத் தூண்டிய விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரைத்தான் இன்று அந்த நிலையம் தாங்கி நிற்கிறது. கொல்லைப்புறத்தில் தொலைநோக்கி செய்யலாம். வாசலில் என்ஜின் பிரிக்கக்கூடாதா?

"தம்பி, எண்ணெய் பார்த்தாயா?"

தாயிடம் பேசிவிட்டு வாலிபரிடம் திரும்பினேன்.

"என்ஜினை இறக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தாய், தம்பி? எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை!

இங்கேதான் கற்றுக்குட்டிகள் தவறுகிறார்கள். நோய் என்ன என்று பார்க்கும் முன்பே வயிற்றைக் கிழிக்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கொதித்து நின்ற கார் இது. எண்ணெய், பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அதற்கு என்ஜினை இறக்கவே வேண்டாம். மேலே உள்ள ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

சூட்டில் ஹெட் வளைந்திருக்கவும் கூடும். இரும்பு ஸ்கேலை அதன் மேல் நிறுத்திப் பார்த்தால், இடுக்கில் வெளிச்சம் தெரியும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். புதுக் கேஸ்கட் வைத்து நட்டுகளை முடுக்கும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்று. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் அடுத்த மலை ஏற்றத்திலேயே மறுபடியும் ஊதிவிடும்.

ஹெட்டைத் திறந்த பிறகு சிலிண்டர் தேய்ந்திருப்பது தெரிந்தால்? அல்லது ஹேண்டில் போட்டும் என்ஜின் சுற்றவில்லை என்றால்? அப்போது இறக்கலாம். சிலிண்டர் கடைவதும், கிராங்க் தேய்ப்பதும் வீட்டில் ஆகாது. வேலூருக்குக் கொண்டு போக வேண்டியதுதான். அதில் வெட்கம் என்ன?

தாயின் பயமும் நியாயமே

என்ஜின் கெட்டால் போகட்டும். ஆள் அடிபடக்கூடாது! இரண்டு நெல் மூட்டைக் கனம் உள்ள இரும்பு அது. புளியமரக் கிளையில் கயிறு கட்டித் தூக்கிவிடலாம் என்று வாலிபர் நினைத்திருந்தார். கூடவே கூடாது என்றேன். இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுக்க வேண்டும். தூக்கும் நாளில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தொங்குகிற என்ஜினுக்குக் கீழே கை, கால், தலை எதுவும் போகக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக்கூடாது.

அப்புறம் பெட்ரோல். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். பத்தடி தள்ளி அடுப்பு எரிந்தாலும் பற்றிக்கொள்ளும். ஆகவே முதலில் பாட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோலை மூடி போட்ட கேனில் பிடித்து, வீட்டை விட்டுத் தூரத்தில் வைக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர் பீடியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கழற்றுவது எவருக்கும் வரும். பூட்டும்போதுதான் நாலு போல்ட் மிஞ்சும்! அந்த வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை இருக்கிறாள். அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கழற்றுகிற ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயரைச் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். அண்ணன் கழற்றும் முன்பே செல்போனில் படம் எடுத்து வைக்க வேண்டும். "ரேடியேட்டர் போல்ட் - 4" என்று அவள் அப்போதே எழுதிப் பார்த்தாள்.

தாய் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு பெரிய தகர டின் எடுத்துக் கொடுங்கள் அம்மா. பழைய எண்ணெயை அதில் பிடிக்கட்டும். ஓடைப் பக்கம் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

டின்னைத் தேடி உள்ளே போனார்.