ஒரு புள்ளி போன கதை



பேரன் விடுமுறையில் கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்வதைப் போன வாரம் எழுதியிருந்தேன். நம் சுவாமிமலைக் கோயிலின் 60 படிகளில் ஏறும் ஆட்டம். படிக்கொரு தமிழ் ஆண்டுப் பெயர், பிரபவ முதல் அட்சய வரை. அதைப் படித்த பழைய மாணவர் ஒருவர், "சார், இப்போ மெமரி கொட்டிக் கிடக்கு. எத்தனை கலர், எந்த ஃபார்மட்னு பையனை ஏன் படுத்துறீங்க?" என்று கேட்டிருந்தார். பாசத்தோடுதான் கேட்டார். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

இத்தகைய ஆட்டங்களில் முழுப் படமாக வரைவதில்லை. தரைக்குக் கல் பதிப்பதுபோல் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து அடுக்குவார்கள். டைல் என்றே பெயர். பேரனின் டைல் 32-க்கு 32, ஆக 1,024 பிக்சல். அவன் எடுத்துக்கொண்டது 11 நிறம். 16 நிறத்துக்குள் அடங்கினால் பிக்சலுக்கு 4 பிட் போதும். சுருக்காமலே ஒரு டைல் 512 பைட், நிறப்பட்டியலுக்கு 48 பைட். அதையே 24 பிட்டில் வைத்தால் 3,072 பைட். தமிழ் வாத்தியார் கணக்குப் போடுகிறாரே என்று சிரிக்காதீர்கள், எல்லாம் பேரன் சொல்லிக்கொடுத்தது. அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன ஊர்தானே இது!

இடம் மிச்சமாகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, எல்லா டைலையும் ஜேபெக் ஆக்கிவிட்டு மூலத்தை அழித்துவிட்டான்.

ஜேபெக் புகைப்படத்துக்கென்று வந்தது. படத்தை 8-க்கு 8 பிக்சலாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடும். காவிரிக்கரைத் தென்னந்தோப்புப் படத்தில் அது தெரியாது. எழுத்தின் ஓரத்தில் தெரியும். 11 நிறம் இருந்த டைலில் எண்ணிப் பார்த்தோம், முந்நூறுக்கு மேல்! மெய்யெழுத்தின் புள்ளி ஒரே ஒரு பிக்சல். அது கல்லின் நிறத்தோடு கரைந்து, 'விக்கிரம' என்பது 'விககிரம' என்று நின்றது. சிவப்பு மையில் புள்ளி வைத்தே தேய்ந்த கை என்னுடையது. வலித்தது. சந்நிதி முன் நிற்கும் யானையைச் சுற்றி (நம் கோயிலில் மயிலுக்குப் பதில் யானை, மறந்துவிடவில்லையே?) வெற்றிடமாக விட்டிருந்த பகுதி வெள்ளைப் பெட்டியாகிவிட்டது. ஜேபெக்கில் வெற்றிடம் என்பதே கிடையாதாம். திரும்பவும் பி.என்.ஜி. ஆக்கினான். போனது வரவில்லை, அழுக்குதான் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது.

1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் மேகமும் புதரும் ஒரே வடிவம். நிறப்பட்டியலை மாற்றினால் வெள்ளை மேகம், பச்சைப் புதர். முழு ஆட்டமும் ஏறக்குறைய 40 கிலோபைட். இடமில்லாத காலத்தில் பிறந்த உத்திதான். ஆனால் பேரன் இன்று அந்த 11 நிறங்களை மாற்றினால் 60 படிகளுக்கும் ஒரு நொடியில் அந்தி வந்துவிடுகிறது. பட்டியல் இல்லாத படத்தில் இது இவ்வளவு சுலபமில்லை.

நம் ஊர் ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுத்தான் உலோகம் ஊற்றுகிறார். பிறகு அச்சையும் உடைக்கிறார். மூலம் போனால்தான் அவருக்குச் சிலை. கம்ப்யூட்டரில் வரைபவனுக்கு என்ன கட்டாயம்? நகலெடுத்து அதை மாற்றவேண்டியதுதானே? தம்பி, மெமரி கொட்டிக் கிடக்கிறது என்றால் முதலில் அந்த மூலத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேரன் முதலிலிருந்து வரைகிறான். நேற்று இரவு 23-ஆம் படி, விரோதி வரை வந்துவிட்டான். 'பார்த்திப'வில் இரண்டு புள்ளியும் இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டேன்.