செடி செத்தால் கைராசியா?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் மணி பிளான்ட் வாடினால் முதலில் விழும் வார்த்தை, "அவளுக்குக் கைராசி கிடையாது". புதிதாக வந்த மருமகள் வைத்த செடி என்றால் கேட்கவே வேண்டாம்! மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். தழைத்து வளர்ந்தாலோ, அது வீட்டு ராசி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

சுத்தப் பொய் இது. தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேர் கறுத்து, கொழகொழவென்று நாற்றமடிக்கும். அது அழுகல். ராசிக்கு நாற்றம் கிடையாது.

மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் கடலில், பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்த மூரியா தீவு. பூக்க வைக்கும் ஹார்மோனை இந்தச் செடியால் சரியாக உற்பத்தி செய்ய முடியவில்லை என்று 2016-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூ இல்லை, அதனால் விதையும் இல்லை. தண்டை வெட்டி வெட்டித்தான் உலகம் முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டில் திருடி வைத்தால்தான் பணம் கொட்டும் என்கிறார்களே, அந்தத் திருட்டுக் கொடியும் காசு கொடுத்து வாங்கிய கொடியும் ஏறக்குறைய ஒரே செடிதான். ஒரே செடி ஒரு வீட்டில் தழைத்து இன்னொரு வீட்டில் சாகிறதென்றால், வித்தியாசம் மண்ணிலும் வெளிச்சத்திலும் தண்ணீரிலும்தான் இருக்க வேண்டும்.

முதல் குற்றவாளி மண். காட்டில் கரிசலுக்கு ஈடு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையைப் பிடித்து வைத்துப் பருத்தியையும் உளுந்தையும் விளைய வைக்கும். அதையே அள்ளித் தொட்டியில் அடைத்தால்? ஈரத்தில் உப்பிக் களியாகிவிடும், காற்று நுழைய இடமிருக்காது. மூச்சு முட்டிய வேர் அழுகும். காய்ந்தால் சுருங்கித் தொட்டி விளிம்பை விட்டு விலகிவிடும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிக் கீழே வடியும், நடுவேருக்குச் சொட்டுகூடச் சேராது. ஒரே மண் மூழ்கடிக்கவும் செய்யும், பட்டினி போடவும் செய்யும்!

அடுத்த கூத்து இதுதான். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை தொங்கும். பார்ப்பவர்களுக்குத் தாகமாகத் தெரியும். இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார்கள். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் மேல்காற்று ஜன்னல் வழியாக வந்து இலை ஓரத்தைக் கருக்கும். அதற்கும் ஒரு செம்பு. குடிதண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த ஊரில், தண்ணீரைக் கொட்டியே ஒரு செடியைக் கொல்வது என்ன நியாயம்?

"பாட்டிலில் வெறும் தண்ணீரிலேயே வளருதே, அது மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தண்ணீரிலேயே பிறந்த வேர் தண்ணீருக்குப் பழகியது. வாரம் ஒருமுறை மாற்றும் தண்ணீரில் அதற்கு வேண்டிய காற்றும் கரைந்திருக்கிறது. களிமண் சேற்றில் அது கிடையாது.

"எங்க பாட்டி கை பட்டா பட்ட கட்டையும் துளிர்க்கும்" என்பார்கள் சிலர். துளிர்க்கும்தான். ஆனால் பாட்டி என்ன செய்கிறாள் என்று யாராவது கவனித்தார்களா? ஊற்றுவதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறாள். அதற்குப் பெயர் ராசியா, அனுபவமா?

செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. அடியில் ஓட்டையுள்ள தொட்டி. செம்மண், தென்னை நார்த்தூள், மக்கிய சாணி எரு கலந்த மண். டிவிக்குப் பின்னால் இருட்டு மூலையில் வைக்காமல், நேர் வெயில் படாத வெளிச்சமான இடம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். குழந்தைகளும் ஆடு மாடும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வாயும் தொண்டையும் எரியும்.

இவ்வளவும் செய்து, அதன் பிறகும் செடி செத்தால் காரணத்தைத் தேடலாம். அதுவரை ஒரு பெண்ணின் கையைக் குறை சொல்லும் வாய்கள், முதலில் அந்தத் தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும்.