பெயர் மாறினால் போதுமா?



ஒருவர் குற்றம் செய்தார் என்று மெய்ப்பிக்கச் சான்று வேண்டும். செய்யக்கூடும் என்று கருதுவதற்கோ ஐயம் ஒன்றே போதும். அந்த ஐயத்தையே பிடியாணையாக மாற்றிய சட்டம்தான் 1960-இல் நம் நாட்டில் இயற்றப்பெற்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். 'இசா' என்றால் அன்று அஞ்சாதவர் யார்?

அதன் 73ஆம் பிரிவின்படி, காவல் அதிகாரி பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். 60 நாள்வரை அடைத்து வைக்கலாம். பிறகு அமைச்சர் கையொப்பமிட்டால் ஈராண்டுக் காவல்; அதனையும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

பொதுவுடைமைக் கிளர்ச்சியை ஒடுக்கவே இச்சட்டம் என்றார்கள். ஆனால், 1987 லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசியலாளரும் சமூக ஆர்வலரும் பிடிபட்டனர். 2007 திசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் அடைக்கப்பட்டனர். 2008-இல் ஒரு பெண் செய்தியாளரைப் பிடித்துவிட்டு, அவருடைய பாதுகாப்புக்காகவே பிடித்தோம் என்று விளக்கம் தந்தனர்!

2012-இல் இசா நீக்கப்பட்டது; மகிழ்ந்தோம். அதனிடத்தில் சோஸ்மா வந்தது. இதில் நீதிமன்ற விசாரணை உண்டு. அரசியல் நம்பிக்கைக்காக மட்டும் கைது செய்யக்கூடாது என்ற விதியும் உண்டு. இவை முன்னேற்றமே. ஆயினும், பிடியாணையற்ற கைது தொடர்கிறது. 24 மணிநேரக் காவலை 28 நாள்வரை நீட்டிப்பவர் நீதிபதி அல்லர். ஓர் உயர் காவல் அதிகாரியே. குற்றஞ்சாட்டப்பட்ட பின்னரும் பெரும்பாலோர்க்குப் பிணை கிடையாது.

இதன் விளைவை 2019-இல் கண்டோம். விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று கூறி, சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்பட நம்மவர் 12 பேரைப் பிடித்தனர். 2020 பிப்ரவரியில் அரசுத் தலைமை வழக்கறிஞரே குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். இடைப்பட்ட நான்கு மாதங்களை அவர்களுக்கு யார் திருப்பித் தருவது?

"குண்டு வெடிக்கும்வரை காவலர் கைகட்டி நிற்பதா?" என்று சிலர் கேட்பர். வேண்டாம், உடனே பிடிக்கட்டும். பொதுவான குற்றவியல் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. ஆனால், அங்கே 24 மணிநேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 5ஆம் விதி தரும் காப்பு அது. அதைத் தாண்டிச் செல்லவே 149ஆம் விதி கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒரு மாணவனைத் தண்டிக்கும் ஆசிரியர்கூடத் தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் விடை சொல்லியாக வேண்டும். ஐயப்படுபவரே அடைப்பவராகவும், அடைப்பவரே காலத்தை நீட்டிப்பவராகவும் இருந்தால் அங்கே கேள்வி கேட்பவர் யார்?

2022-இல் நாடாளுமன்றம் இந்த 28 நாள் அதிகாரத்தை மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தது. நீட்டிப்பு வரும் ஒவ்வொரு முறையும் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இரண்டாம் நாள் காலையில் ஒரு நடுவர் அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பதால் நாட்டின் பாதுகாப்பு எங்ஙனம் கெடும்?

விடை கிடைக்கும்வரை கேட்போம்.