சங்கமா? தாதாவின் கல்லாப்பெட்டியா?



"தலைவரைப் போய்ப் பார், வேலை கிடைக்கும்" என்கிறார்கள் இளைஞனிடம். "தலைவரைக் கவனித்துவிடுங்கள், சரக்கு தேங்காது" என்கிறார்கள் வியாபாரியிடம். தொழிற்சங்கத்துக்குள் ரவுடிகள் நுழைவது இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான். நுழைந்தால் என்ன ஆகும்?

அன்றைய பீகாரின் தன்பாத்தைப் பாருங்கள். 1971 முதல் 1973க்குள் நிலக்கரிச் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. முதலாளிகள் போனார்கள், அவர்களுடைய அடியாள் கலாச்சாரம் போகவில்லை. சங்கத் தலைவர் பி.பி. சின்ஹா 1979இல் கொலை செய்யப்பட்டார். அவரிடம் வளர்ந்த சூரியதேவ் சிங், ஜனதா மஸ்தூர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1977 முதல் ஜரியா எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். 'நிலக்கரி மாஃபியா'வின் தலைவர் என்றே பத்திரிகைகள் அவரை எழுதின. பிரதமராக இருந்த சந்திரசேகரோ அவரைத் தன் நண்பர் என்று வெளிப்படையாகச் சொன்னார்! 1991இல் சிங் இறந்தார்.

அந்நாளில் தன்பாத் தொழிலாளியின் நிலை என்ன? சம்பள நாளில் கவுண்டர் வாசலிலேயே வட்டிக்காரனின் ஆள் நிற்பான். கூலி வீடு போய்ச் சேருமுன் வட்டிக்குப் போய்விடும். எதிர்த்துக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

துறைமுகத்திலும் இது நடந்திருக்கிறது. நியூயார்க்கில் தினமும் காலையில் கப்பல் கூலிகளை வரிசையாக நிறுத்தி ஆள் பொறுக்குவார்கள். 'கூலியில் பங்கு தருகிறேன்' என்பதற்கு அடையாளமாகக் காதில் பல்குச்சி செருகி நின்றவனுக்கே வேலை! ஜோசப் ரயன் தலைமையிலான அந்தச் சங்கத்தை 1953இல் அதன் தாய்ச் சம்மேளனமே வெளியேற்றியது.

இதைப் படித்துவிட்டு, "சங்கமே வேண்டாம்" என்று எந்த முதலாளியும் மகிழ வேண்டாம். 1908இல் நம் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்கு வ.உ.சி. துணை நின்றார். வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். அதே வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் 2 லட்சம் ரூபாய்க்கு 8000 பங்குகள் வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். முஸ்லிம் வியாபாரி அன்று கொடுத்த பணத்துக்குப் பங்குப் பத்திரம் இருந்தது, கணக்கு இருந்தது. இன்று இரவோடு இரவாகக் கைமாறும் கவருக்கு என்ன கணக்கு?

வியாபாரிகளே! லஞ்சம் வாங்குபவனை மட்டுமா மார்க்கம் கண்டிக்கிறது? கொடுப்பவனையும்தானே! நீங்கள் கொடுக்கும் 'மாமூல்' ஏழைக் கூலியின் முதுகில் அடியாக விழுகிறது. மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு.

இளைஞர்களே! "அவர் நம்ம ஆள், நமக்குப் பாதுகாப்பு" என்று யாருக்கும் அடியாளாகப் போகாதீர்கள். வழக்கு வந்தால் தலைவர் வெளியே இருப்பார். உள்ளே போவது நீங்கள். போலீஸ் நிலையத்தில் அழுது நிற்பது உங்கள் உம்மா. பழியோ சமுதாயம் முழுவதன் மீதும் விழும்.

முத்துக்குளிக்க இறங்கியவனின் உயிர், தோணியில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. சங்கத் தலைமையும் அப்படிப்பட்ட அமானிதம். யார் கையில் கயிற்றைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுங்கள். சந்தாவுக்கு ரசீது கேளுங்கள். ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். ரகசிய வாக்கெடுப்பு கேளுங்கள். தனியாகக் கேட்டால் மிரட்டுவார்கள். நூறு பேராகச் சேர்ந்து கேளுங்கள்!

ஹலாலான உழைப்பிலும் நேர்மையான வியாபாரத்திலும் அல்லாஹ் நம்மை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.